நீருக்குள் ஒளி புகவேண்டும்: டாம்பா விரிகுடா புகட்டும் பாடம்

உலகின் பெருநகரங்களுள் பல, விரிகுடாக்களின் கரைகளிலேயே தோன்றி வளர்ந்தவை. புயற்காலத்தில் கப்பல்கள் ஒதுங்குவதற்குப் புகலிடமும், மீன் பிடிப்பதற்கு அமைதியான நீர்ப்பரப்பும், நகரத்துக் கழிவுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு எளிய வழியும் விரிகுடாவினால் மக்களுக்குக் கிட்டின. இம்மூன்று பயன்களுள் மூன்றாவது மிகுந்துவிட்டால் முதலிரண்டும் நாளடைவில் கெடும் என்பதை உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது. கெட்டுப்போன விரிகுடாவைத் திருத்த முடியுமா, முடியுமெனில் எங்கிருந்து தொடங்குவது, திருத்தியபின் அந்நிலை நீடிக்குமா என்னும் கேள்விகளுக்கு விடை காண விழைவோர்க்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்திலுள்ள டாம்பா விரிகுடாவின் வரலாறு தக்கதொரு சான்றாகும். கடற்கரைப் பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் அதிலிருந்து அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் பல உள்ளன.

விரிகுடாவின் அமைப்பு

டாம்பா விரிகுடா புளோரிடாவின் மேற்குக் கரையில், மெக்சிகோ வளைகுடாவை நோக்கித் திறந்து கிடக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 400 சதுர மைல். பரப்பு இவ்வளவு பெரிதாயினும் சராசரி ஆழம் சுமார் 12 அடியே ஆகும். கப்பல்கள் துறைமுகத்தை அடைவதற்காக வெட்டப்பட்ட கால்வாய் மட்டுமே 43 அடி ஆழமுடையது. டாம்பா, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், கிளியர்வாட்டர் ஆகிய நகரங்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. சுமார் 2,200 சதுர மைல் நிலப்பரப்பிற் பெய்யும் மழைநீர் ஆறுகள், ஓடைகள், நகர வடிகால்கள் ஆகியவற்றின் வழியாக இதில் வந்து விழுகிறது. அந்நிலப்பரப்பில் இன்று 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர்.

நீர் ஆழமற்றதாக இருப்பது இவ்விரிகுடாவின் சிறப்பியல்பு. ஆழமற்ற நீர் தெளிவாக இருக்குமாயின் கதிரவன் ஒளி அடிமண்வரை சென்று சேரும். அடியில் செடிகள் தழைக்கும். நீர் கலங்கினாலோ, அடித்தளம் முழுவதும் இருண்டுவிடும். விரிகுடாவின் வாழ்வும் தாழ்வும் இவ்வொரு செய்தியையே பற்றி நிற்கின்றன.

கடற்புல் என்பது யாது?

கடற்புல்லைக் கடற்பாசி என்று மயங்கலாகாது. பாசிக்கு உண்மையான வேரில்லை, பூவில்லை. கடற்புல்லோ வேரும், மண்ணுக்குள் படர்ந்து செல்லும் தண்டும், நாடாப்போன்ற இலைகளும், பூவும், விதையும் உடையது. மிகப் பழங்காலத்தில் நிலத்திலிருந்து மீண்டும் கடலுக்குச் சென்று வாழப் பழகிக்கொண்ட தாவர இனம் இது. இதன் மகரந்தம் நீரிலேயே மிதந்து சென்று சூலகத்தை அடைகிறது. டாம்பா விரிகுடாவில் தலாசியா என்னும் ஆமைப்புல்லும், ஹாலோடூல், சிரிங்கோடியம் ஆகிய வேறு புல்லினங்களும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

இப்புல்வெளிகளே இறாற்குஞ்சுகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் தொட்டிலாக விளங்குகின்றன. மனாட்டி எனப்படும் பெரிய கடற்பாலூட்டி இவற்றை மேய்ந்து வாழ்கிறது. புல்லின் வேர்கள் அடிமண்ணை இறுகப் பிடித்து வைக்கின்றன; இலைகள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. எனவே புல்வெளி அழியும்போது மீன்வளம் குன்றுவதோடு நீரும் மேலும் கலங்குகிறது, கரையும் அரிக்கப்படுகிறது.

இவ்வளவு பயனுள்ள இச்செடிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதற்கு ஒளி மிகுதியாகத் தேவை. மிதக்கும் நுண்பாசிகள் நீர்ப்பரப்பின் மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். டாம்பா விரிகுடாவின் ஆமைப்புல்லுக்கோ நூற்றில் ஏறக்குறைய 20 பங்கு ஒளி வேண்டும். அதன் வேர்கள் பிராணவாயு இல்லாத சேற்றில் புதைந்துள்ளமையே இதற்கு முக்கிய காரணம். ஒளியின் துணைகொண்டு இலை உண்டாக்கும் பிராணவாயுவே தண்டின் வழியாக வேருக்குச் செல்கிறது. ஒளி குறைந்தால் இலை பட்டினி கிடப்பதோடு வேரும் மூச்சுத் திணறுகிறது.

கரையைத் தூர்த்ததும் கழிவைக் கொட்டியதும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் புளோரிடாவில் குடியேறுவோர் தொகை விரைவாகப் பெருகிற்று. நீரோரத்தில் வீடு வேண்டும் என்னும் விருப்பம் மிகவே, அடிமண்ணைத் தோண்டியெடுத்து ஆழமற்ற பகுதிகளைத் தூர்த்து மனைகளாக்கும் வணிகம் தழைத்தது. பாகா சீகா என்னும் கிளை விரிகுடாவில் இது மிக விரிவாக நடைபெற்றது. கைவிரல்களைப்போல் நீண்ட நிலத்துண்டுகளும் அவற்றின் இடையே தேங்கிய நீர்க்கால்வாய்களும் அங்குத் தோன்றின. சரிந்திருந்த சேற்றுக்கரையும் அலையாத்திக் காடும் இருந்த இடங்களில் செங்குத்தான கடற்சுவர்கள் எழுந்தன.

இப்போக்கினைத் தடுத்தவற்றுள் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. பாகா சீகாவில் சுமார் 12 ஏக்கர் பரப்பைத் தூர்ப்பதற்கு அரசு அனுமதி மறுத்தது. கப்பற் போக்குவரத்துக்கு இடையூறு இல்லாதபோதும், மீனுக்கும் வனவிலங்குக்கும் தீங்கு என்னும் காரணத்தால் அனுமதியை மறுக்கலாம் என்று 1970-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியாருக்கு உரிய அடிநிலமேயாயினும் அதனைத் தூர்ப்பதில் பொதுநலன் பார்க்கப்பட வேண்டும் என்பது இதனால் உறுதியாயிற்று.

தூர்ப்பது கண்ணுக்குத் தெரிந்த கேடு. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மற்றொரு கேடும் உடன் நடந்துகொண்டிருந்தது. டாம்பா நகரத்தின் கழிவுநீர், திடப்பொருள்கள் படியவைக்கப்படும் முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டும் பெற்று, விரிகுடாவின் வடகிழக்குக் கிளையில் விடப்பட்டு வந்தது. அங்கு நீர் பச்சை நிறம் பூண்டது. பாசி அழுகித் துர்நாற்றம் வீசியது. 1950-ஆம் ஆண்டளவில் விரிகுடா முழுவதிலும் ஏறக்குறைய 40,000 ஏக்கராக இருந்த கடற்புல்வெளி 1982-ஆம் ஆண்டில் சுமார் 21,600 ஏக்கராகச் சுருங்கிற்று. தூர்த்த இடங்களில் மட்டுமன்றி, எவரும் மண்வெட்டி வைக்காத இடங்களிலும் புல் மறைந்துவிட்டிருந்தது.

நைட்ரஜன் எவ்வாறு இருளைத் தருகிறது?

நைட்ரஜன் நஞ்சன்று; எல்லா உயிர்க்கும் வேண்டிய உணவே. அவ்வாறிருக்க அது புல்லை எவ்வாறு அழிக்கிறது என்னும் ஐயம் மாணவர்க்கு எழுதல் இயல்பு.

வயலில் எந்தச் சத்து மிகவும் குறைவாக உள்ளதோ, அதுவே பயிரின் வளர்ச்சியை வரையறுக்கும் என்பது உழவர் அறிந்த உண்மை. நீருக்கும் இவ்விதி பொருந்தும். டாம்பா விரிகுடாவைச் சூழ்ந்த நிலத்தில் பாஸ்பேட் பாறைகள் நிறைந்திருப்பதால் அந்நீரில் பாஸ்பரஸுக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது நைட்ரஜனே. எனவே கழிவுநீரின் வழியே நைட்ரஜன் வந்து சேர்ந்தவுடன், அதற்காகக் காத்திருந்ததுபோல் மிதவைப்பாசிகள் பெருகுகின்றன. அப்பாசிகளின் பொதுவான இயைபைக்கொண்டு கணக்கிட்டால், ஒரு கிலோகிராம் நைட்ரஜனைக்கொண்டு சுமார் 6 கிலோகிராம் கரிமம் அடங்கிய பாசி உண்டாகக்கூடும்.

பாசி பெருகினால் நீர் திரை விழுந்ததுபோல் ஆகிறது. புல்லின் இலைகள்மேலும் பாசி படர்ந்து எஞ்சிய ஒளியை மறைக்கிறது. ஆழத்தில் உள்ள புல் முதலில் மடிகிறது. பின்னர்ப் புல்வெளியின் எல்லை கரையை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவும் செலவாகிறது. ஆக, நைட்ரஜன் மிகுதலால் பாசி மிகுதல், பாசி மிகுதலால் ஒளி குறைதல், ஒளி குறைதலால் புல் அழிதல் என்று இது ஒரு சங்கிலித்தொடராக அமைகிறது. புல் அழிந்த இடத்தில் வெறுமனே புல்லை நடுவதனால் பயனில்லை என்பதும், சங்கிலியின் முதற் கண்ணியிலேயே கைவைக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

சட்டமும் சுத்திகரிப்பும்

மக்களின் முறையீடுகளைத் தொடர்ந்து, 1972-ஆம் ஆண்டில் புளோரிடாச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. இவ்விரிகுடாவில் விடப்படும் கழிவுநீர் உயர்நிலைச் சுத்திகரிப்புப் பெறவேண்டும் என்று அது பணித்தது. சுத்திகரித்த நீரின் ஒரு லிட்டரில் நைட்ரஜன் 3 மில்லிகிராமுக்கும், பாஸ்பரஸ் 1 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது உயர்நிலைச் சுத்திகரிப்பின் அளவுகோல். டாம்பா நகரத்தின் சுத்திகரிப்பு நிலையம் 1979-ஆம் ஆண்டில் இவ்வகையில் மாற்றியமைக்கப்பட்டது.

நீரில் கரைந்த நைட்ரஜனை வடிகட்டி எடுத்துவிட இயலாது. அதனை நீக்கும் வேலையை நுண்ணுயிர்களே செய்கின்றன. காற்றூட்டப்பட்ட தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அடுத்து, பிராணவாயு இல்லாத தொட்டியில் வேறுவகை பாக்டீரியாக்கள், மெத்தனால் போன்ற கரிமப்பொருளை உண்டு, நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைக்கொண்டு சுவாசிக்கின்றன. எஞ்சிய நைட்ரஜன் வாயுவாகக் குமிழிட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனே ஆதலால் இதனால் தீங்கில்லை.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் வேறு வழியைக் கைக்கொண்டது. சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக்குழாய்களின் மூலம் புல்தரைகளுக்கும் தோட்டங்களுக்கும் பாய்ச்ச 1970-களின் பிற்பகுதியில் ஏற்பாடு செய்தது. விரிகுடாவில் விழவேண்டிய சத்து நிலத்துச் செடிகளுக்குப் பயன்பட்டது.

இவற்றின் பயன் உடனே தெரியவில்லை. அடிச்சேற்றில் தேங்கியிருந்த சத்து தீர்வதற்குச் சில ஆண்டுகள் சென்றன. 1980-களின் நடுவில்தான் நீர் தெளியத் தொடங்கியது. அதன் பின்னரே புல் மெல்ல மெல்லப் பரவிற்று. 1970-களின் தொடக்கத்திலிருந்தே மாதந்தோறும் குறிப்பிட்ட இடங்களில் நீரைச் சோதித்து எழுதிவைத்த அளவுகள் இருந்தமையால்தான் இம்மாறுதலை ஐயமின்றி நிறுவ முடிந்தது. அளவுகள் இல்லாதிருப்பின், பணம் வீணாயிற்று என்று கூறிப் பணியைக் கைவிட்டிருக்கவும் கூடும்.

இலக்கும் பொறுப்புப் பங்கீடும்

1991-ஆம் ஆண்டில், கூட்டாட்சி அரசும் மாநிலமும் நகரங்களும் மாவட்டங்களும் சேர்ந்து விரிகுடாவுக்கெனத் தனித் திட்டமொன்றைத் தொடங்கின. அவர்கள் வகுத்த இலக்கு எவர்க்கும் விளங்கக்கூடியது: கடற்புல்வெளியை 38,000 ஏக்கராக உயர்த்தவேண்டும். இது 1950-ஆம் ஆண்டின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காகும். அவ்வளவு புல் வளர எவ்வளவு ஒளி வேண்டும், அவ்வொளிக்கு நீரில் பாசி எவ்வளவுக்கு மேற்படலாகாது, அதற்கு நைட்ரஜன் எவ்வளவு வரலாம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு வரம்புகள் குறிக்கப்பட்டன.

மக்கள் தொகை பெருகப் பெருக நைட்ரஜனும் பெருகும். வரும் நைட்ரஜன் 1990-களின் அளவிலேயே நிற்கவேண்டுமாயின், ஆண்டுதோறும் 17 டன் புதிதாகக் குறைக்கப்படவேண்டும் என மதிப்பிடப்பட்டது. அரசு நிலையங்களும், மின்நிலையங்களும், உரத் தொழிற்சாலைகளும், பிறவுமாக 40-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு கூட்டமைப்பில் இணைந்து இச்சுமையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர்.

சாக்கடை அடங்கியபின் வேறு வாயில்கள் புலனாயின. சாலைகளிலும் தோட்டங்களிலும் ஓடிவரும் மழைநீர் ஒன்று. வாகனங்களும் மின்நிலையங்களும் கக்கும் புகையிலிருந்து காற்றுவழி வந்து நீரில் படியும் நைட்ரஜன் மற்றொன்று. விரிகுடாவின் ஓரத்திலிருந்த ஒரு மின்நிலையம் 2000-களின் தொடக்கத்தில் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறிற்று. பினெல்லஸ் மாவட்டம், மழைமாதங்களான ஜூன் முதல் செப்டம்பர்வரை புல்தரைகளுக்கு நைட்ரஜன் உரமிடுவதை 2010-ஆம் ஆண்டில் தடைசெய்தது. மழைக்காலத்தில் இடும் உரம் வேருக்குச் சேராமல் வடிகாலுக்குச் செல்லும் என்பதே காரணம்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை விமானத்திலிருந்து படம் பிடித்துப் புல்வெளி அளக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டின் அளவில் இலக்கு எட்டப்பட்டுவிட்டது தெரிந்தது. 2016-இல் பரப்பு 41,655 ஏக்கராயிற்று. மக்கள் தொகை பெருகிக்கொண்டிருந்த காலத்திலேயே விரிகுடா 1950-இன் நிலையை எய்தியது.

கரையைப் புனரமைத்தல்

நீர் தெளிந்தாற் போதாது. கரையும் உயிர்பெற வேண்டும். இத்துறையில் டாம்பாப் பகுதியில் உழைத்த ராபின் லூயிஸ் என்னும் அறிஞர் கண்ட உண்மை குறிப்பிடத்தக்கது. அலையாத்தி நாற்றுகளை நட்டுக்கொண்டே போவதைவிட, நிலத்தின் சரிவையும் ஓதநீர் வந்துபோகும் வழியையும் சரிசெய்வதே முதல் வேலை என்றார் அவர். நீர் தக்க அளவில் வந்து வடியுமாயின் அலையாத்தி விதைகள் தாமே மிதந்துவந்து முளைக்கும். கரையில் முதலில் வளரும் ஸ்பார்ட்டினா என்னும் உவர்ச்சேற்றுப் புல் அவ்விதைகளைத் தடுத்து நிறுத்திச் செவிலியாக உதவுகிறது.

அப்பகுதிப் பள்ளிகளில் இப்புல்லை வளர்க்கும் சிறு குட்டைகள் அமைக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் நாற்றுகளை வளர்த்து, பருவத்தில் பறித்து, கரைக்குக் கொண்டுசென்று சேற்றில் இறங்கி நடுகின்றனர். வேறு சில கரைகளில் கடற்சுவருக்கு மாற்றாகச் சிப்பி ஓடுகள் நிறைந்த பைகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இளஞ்சிப்பிகள் அவற்றில் ஒட்டி வளர்ந்து உயிருள்ள அணையாகின்றன. செங்குத்துச் சுவர் அலையைத் திருப்பியடித்து அடிமண்ணைக் கிளறும். சிப்பி வரிசையோ அலையின் வலிமையை வாங்கிக்கொண்டு அதன் பின்னே சேறு படிய இடங்கொடுக்கும்.

மீண்டும் ஒரு சரிவு

இவ்வரலாறு இத்துடன் முடிந்திருப்பின் மகிழ்ச்சிக்குரியதாக இருந்திருக்கும். ஆனால் 2016-க்குப் பின்னர்ப் புல்வெளி மறுபடியும் குறையத் தொடங்கிற்று. விரிகுடாவின் வடமேற்குக் கிளையில், பைரோடினியம் என்னும் நுண்பாசி கோடைதோறும் பெருகி நீரைக் கலங்கச் செய்தது. அக்கிளையின் குறுக்கே போடப்பட்ட சாலைக்கரை நீரோட்டத்தைத் தடுத்திருந்தது. 2010-களின் இறுதியில் அதில் ஒரு திறப்பு வெட்டிப் பாலம் அமைக்கப்பட்டது.

இதற்கிடையே 2021-ஆம் ஆண்டு பெருந்தீங்கு ஒன்று நேர்ந்தது. மூடப்பட்ட உரத் தொழிற்சாலை ஒன்றின் ஜிப்சக் கழிவுமேட்டின்மேல் தேக்கிவைத்திருந்த நீர் கசியத் தொடங்கிற்று. மேடு உடைந்து ஊருக்குள் வெள்ளம் பாயும் என்று அஞ்சி, மார்ச்சு இறுதியிலிருந்து சுமார் பத்து நாட்களில் 21 கோடி காலனுக்கும் மேற்பட்ட கழிவுநீரை விரிகுடாவிற் செலுத்த வேண்டியதாயிற்று. விரிகுடாவின் தென்பகுதி ஓராண்டு முழுவதும் பெறும் நைட்ரஜனைவிட மிகுதியான நைட்ரஜன் அப்பத்து நாட்களில் வந்து சேர்ந்தது. அக்கோடையில் கடும் செந்நீர்ப்பாசிப் பெருக்கும் தாக்கவே, கரையொதுங்கிய மீன்கள் ஆயிரம் டன்னுக்கு மேல் வாரி அகற்றப்பட்டன. 2022-ஆம் ஆண்டின் அளவில் புல்வெளி 30,137 ஏக்கராகக் குறைந்திருந்தது. முப்பதாண்டுகளிற் பெற்ற பேற்றில் பாதிக்கும் மேற்பட்டது ஆறே ஆண்டுகளில் போயிற்று.

இச்சரிவு முந்தைய முயற்சிகளைப் பொய்யாக்கிவிடவில்லை. நைட்ரஜனைக் குறைத்தால் புல் வளரும் என்னும் விதி மாறவில்லை. ஒருமுறை திருத்திய விரிகுடாவை அப்படியே விட்டுவிடலாகாது என்பதும், மூடிய தொழிற்சாலையின் கழிவும் கணக்கிற் சேரவேண்டிய கடன் என்பதுமே இதனால் வெளிப்பட்டன.

இந்தியக் கரைகளில்

டாம்பாவிலுள்ள தலாசியாவின் உடன்பிறப்பான மற்றோர் இனம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வளர்கிறது. மனாட்டியின் உறவான கடற்பசு, மீனவர்களால் ஆவுளியா என்று வழங்கப்படுவது, அங்குள்ள கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. அதன்பொருட்டு 2022-ஆம் ஆண்டில் பாக் விரிகுடாவில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பிச்சாவரத்தில், நாற்று நடுவதற்கு முன்னர்க் கிளைவாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை உட்செலுத்தி, உப்புப் பூத்துக் கிடந்த நிலத்தில் அலையாத்திக் காட்டை மீட்டனர். லூயிஸ் வற்புறுத்திய நெறியே இங்கும் பயன் தந்தது.

இந்தியக் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி அலையாத்திக் காடுகளும் கடற்புல்வெளிகளும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகுப்பைச் சேர்ந்தவை. எனினும் ஒளியை மறைக்கும் நைட்ரஜன் அவ்வெல்லைக்கு வெளியே, உள்நாட்டு நகரத்துச் சாக்கடையிலும் வயலிலும் தோன்றி வருவது. புல்வெளியை வேலியிட்டுக் காத்தாலும், வாய்க்கால் வழியாக வருவதைக் காவாவிட்டால் புல் நில்லாது.

இதனை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1865-ஆம் ஆண்டில் இத்தாலியப் பாதிரியாரும் வானநூலறிஞருமான செக்கி என்பவர் ஒரு வெண்தட்டைக் கடலில் இறக்கித் தெளிவை அளந்தார். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உலோகத்தட்டை நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளுக்கு வெள்ளையும் கறுப்பும் பூசி, அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் தொங்கவிட்டால் கருவி ஆயத்தமாகிவிடும். நண்பகலையொட்டி, படகின் நிழல் விழும் பக்கத்தில் அதனை இறக்கவேண்டும். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தென்படும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியைக் கொள்ளவேண்டும். அவ்வாழத்தில் மேற்பரப்பு ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆமைப்புல்லுக்கு வேண்டிய குறைந்த அளவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே தட்டு ஒன்றரை மீட்டரில் மறையுமாயின், அவ்வகைப் புல் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு அப்பால் தழைத்தல் அரிது என்று மாணவரே கூறிவிடலாம்.

மாணவரைப் படகில் அழைத்துச் செல்லுமுன் மீனவர் துணையையும் மிதவைச் சட்டைகளையும் ஏற்பாடு செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. மாதம் ஒருமுறை, அதே இடத்தில், ஓதத்தின் அதே நிலையில் அளந்து, நாளையும் வானிலையையும் சேர்த்து ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். ஓர் அளவு எதையும் மெய்ப்பிக்காது. பத்தாண்டு அளவுகள் சேர்ந்தால், அவ்விரிகுடா தெளிகிறதா, இருள்கிறதா என்பதை அந்த ஏடே தெரிவித்துவிடும்.